உம் ஷுரூக்கின் வேனும் நாற்பது பேர் காப்பியும்

உம் ஷுரூக்குக்கு மூன்றும் பெண்கள். கரக் மலைப் பக்கத்தில் ஒருத்தியை மூத்த மகனின் பெயரைச் சொல்லி, 'உம்' இன்னார், அதாவது இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மகனே இல்லாதவளை எப்படிக் கூப்பிடுவது என்று ஊர் கொஞ்ச காலம் தடுமாறியது. பிறக்காத மகனுக்கு ஒரு பெயரை வைத்து மரியாதையாக அழைத்துப் பார்த்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருநாள் ரொட்டிக் கடை வரிசையில் நின்றபடி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் பெத்தது ஷுரூக்கை. அதனால நான் உம் ஷுரூக். வாய்க்குள்ள நுழையலைன்னா கூப்பிட வேணாம். பசிச்சா மட்டும் வாங்க."

பசித்தவர்கள் வந்தார்கள். கல்யாணமா, துக்கமா, மகன் பரீட்சையில் தேறிய விருந்தா, எதுவானாலும் மன்சஃப் சமைக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஆட்டுக்கறியைக் காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்த புளிப்புக் குழம்பில் வேகவைத்து, சோற்றின் மேல் கவிழ்ப்பதை எந்த வீட்டிலும் செய்வார்கள். அவள் செய்தால் மட்டும் சாப்பிட்டவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கணவன் இறந்தபோது அவளுக்கு விட்டுப்போனது மூன்று பெண்களையும், காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளை வேனையும்தான். வேனை விற்றுவிடச் சொன்னார்கள். அவள் ஒரு மாதம் அறுவடை முடிந்த கோதுமை வயலில் அதை ஓட்டிப் பழகினாள். வயலின் ஓரத்திலிருந்த ஒரே ஆலிவ் மரத்தில் நான்கு முறை இடித்தாள். ஐந்தாவது முறை இடிக்கவில்லை என்பதால் தனக்கு ஓட்ட வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டாள். பிறகு பானைகளை வாங்கினாள். ஏழு பானைகள். எல்லாவற்றிலும் பெரிய பானைக்கு 'நாத்தனார்' என்று பெயர் வைத்தாள். சூடேறவும் நேரமாகும், ஏறிய சூடு தணியவும் நேரமாகும் என்பாள். நாத்தனார்கள் நான்கு பேரும் அது மற்ற மூன்று பேரைத்தான் குறிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வேன் இருந்தவரைக்கும் மலைக்கு மேலும் கீழும் எந்தக் கிராமத்துக்கும் அவளால் போக முடிந்தது. இல்லாவிட்டால் ஏழு பானைகளோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு விதவை, அவ்வளவுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வேனின் எஞ்சின் எண்ணெயைப் பார்க்காமல் ஒருநாளும் காலையில் தேநீர் குடித்ததில்லை.

கல்யாணங்களைவிட அவள் அதிகம் சமைத்தது ஜாஹாக்களுக்கு. ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டால், வண்டியால் மோதிவிட்டால், பெண் கேட்க வேண்டுமானால், ஊர்ப் பெரியவர்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து மறுதரப்பு வீட்டுக்கு வருவார்கள். அதுதான் ஜாஹா. வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார். தலைமை தாங்கி வந்த பெரியவர் அதை வாங்கிக் குடிக்காமல் தன் முன்னால் வைத்துவிடுவார். "நாங்க வந்த காரியம் முடியாம உங்க காப்பியைக் குடிக்கமாட்டோம்" என்பார். வந்த விருந்தாளியைக் குடிக்கவைக்காமல் அனுப்புவதைவிடப் பெரிய அவமானம் எந்த வீட்டுக்கும் கிடையாது. வீட்டுக்காரர் எழுந்து, "உங்க காப்பியைக் குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்பார். அத்தோடு வழக்கு முடிந்தது, இழப்பீடும் முடிந்தது. எல்லாரும் கண்கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் மன்சஃப்.

இதையெல்லாம், வீட்டு முன்னால் போடும் கூடாரத்தின் நடுவில் தொங்கும் திரைக்குப் பின்னால் அடுப்படியில் நின்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கால் முறிந்தவன் ஒருவன், தன் சித்தப்பா எழுந்து நின்று பெருந்தன்மையோடு எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதைப் பார்த்தபடி, கட்டுப்போட்ட காலோடு மூலையில் உட்கார்ந்திருந்ததையும் திரையின் கிழிசல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவனுக்கு மட்டும் இரண்டு துண்டு கறி கூடுதலாக வைத்தாள்.

அந்தப் பக்கத்து ஜாஹாக்களுக்கெல்லாம் தலைமை ஷேக் ஃபலாஹ்தான். எழுபதைத் தாண்டியவர், வெள்ளைத் தாடி, வயிற்றிலிருந்து வரும் குரல். அவர் கேட்டு இல்லை என்றவர் கிடையாது. ஆனால் அவர் பேச்சு நீளம். அவர் இறைவனைப் புகழ்ந்து, நபியை வாழ்த்தி, இரு குடும்பத்து முப்பாட்டன்களையும் நினைவுகூர்ந்து, விஷயத்துக்கு வருவதற்குள் அவர் முன்னாலிருக்கும் காப்பி ஆறிவிடும். ஏலக்காயைத் தட்டிப்போட்டு, பதம் பார்த்து வறுத்து அவள் இறக்கிய காப்பியைப் பச்சைத்தண்ணீராக ஆறவிட்டுக் குடிக்கும் அந்த மனிதர்மேல் உம் ஷுரூக்குக்கு முப்பது வருடத்துக் கோபம் ஒன்று இருந்தது.

அந்த விபத்து நடந்தது ஒரு வசந்தகாலச் செவ்வாய்க்கிழமை, பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் சாலையில். கோடைக் கல்யாணங்களுக்குப் பதினொரு வீட்டார் அவளிடம் தேதி சொல்லிவைத்திருந்தார்கள். அவள் தயிர்க்கட்டி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில் ஆட்டுமந்தை ஒன்று சாலையைக் கடந்தது. அவள் நின்றாள். பின்னால் வந்த பிக்கப் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது வேனின் மூக்கு ஒரு பாறையில் முட்டியிருந்தது. பின்கதவு உள்ளே வந்து நாத்தனார்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. கன்னத்தில், கழுத்தில், மடியில் எல்லாம் சிவப்பாக ஈரம். வலது கை அசையவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். இடது கையால் கன்னத்தைத் தொட்டு, ஐம்பத்தைந்து வயதுச் சமையல்காரியின் பழக்கத்தில், விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு இல்லை.

தக்காளி. பிக்கப்பில் ஏற்றியிருந்த பெட்டிகள் மொத்தமும் உடைந்த பின்கண்ணாடி வழியாக அவள் வேனுக்குள் குடிவந்திருந்தன. ஒரு இளைஞன் தலையில் அடித்துக்கொண்டே ஓடிவந்து, அவளைப் பார்த்ததும் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பெரியம்மா! பெரியம்மா செத்துடாதீங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்!"

"சாகலைடா. நீ யாரு?"

"கைஸ். நம்ம அபூ கைஸ் மகன்."

"தக்காளி நல்லா இருக்கு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

கைஸ் அழத் தொடங்கினான். பிக்கப்பின் உரிமமும் அதோடு சேர்ந்த காப்பீடும் காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தன. தக்காளி விற்றதும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு மாதமும் அவன் அப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம். உம் ஷுரூக்கிடம் இருந்ததோ சட்டத்துக்காக எல்லாரும் கட்டும் காப்பீடு மட்டும்தான். அது அவள் யாரையாவது இடித்தால் இடிபட்டவனுக்குக் கொடுக்கும். அவள் இடிபட்டால் ஒன்றும் கொடுக்காது. போலீஸ்காரர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல ஜோடி" என்றார்.

கையில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. விரல்நுனிகள் மட்டும் வெளியே தெரிய மாவுக்கட்டுப் போட்டார்கள். அரசு மருத்துவமனை, அதனால் கைக்குப் பெரிய செலவில்லை. வேனைப் பார்த்த பட்டறைக்காரன் மட்டும் தொப்பியைக் கழற்றினான். கைஸைக் காவலில் வைத்தார்கள். அடிபட்டவள் கையெழுத்துப் போட்டால் வெளியே வருவான்.

இரண்டே நாளில் ஷேக் ஃபலாஹ் கைஸ் வீட்டுக்காக ஆள் அனுப்பிச் சமாதானத்துக்கு நாள் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜாஹா வரும் என்று முடிவானது. வரவேற்கப்போவது அவள் அண்ணன் ஹாயில், அவளை இன்னும் நோஃபா என்று சொந்தப் பெயரிலேயே கூப்பிடுபவர்.

ஹாயிலின் தாராளம் ஊரறிந்தது. மேல்சட்டை நன்றாயிருக்கிறது என்று ஒருவன் சொன்னதற்காகக் குளிர்காலத்தில் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர். வியாழக்கிழமை மாலை அவர் தங்கையின் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, நாளைக்குப் பேசப்போவதை ஒத்திகை பார்த்தார்.

"அல்லாஹ்வுக்காகவும், இந்த வெள்ளைத் தாடிகளுக்காகவும், எங்க உரிமை எல்லாத்தையும் விட்டுட்டோம். குடிங்க உங்க காப்பியை!" கையை விரித்துக் காட்டினார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. யாரோட உரிமையை விடப்போறே?"

"நம்ம உரிமையைத்தான்."

"அண்ணே, உடைஞ்சது என் கை. நொறுங்கினது என் வேன். நடுவுல வள்ளலாகப் போறது நீயா?"

"நோஃபா, நாற்பது பேர் வர்றாங்க. ஷேக் ஃபலாஹ் வர்றார்! அவர் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு வேனுக்குப் பணம் கேக்கச் சொல்றியா? நான் எப்படி வெளியே தலைகாட்டறது?"

"நான் பதினொரு கல்யாணத்துக்கு எப்படிப் போறது?"

"அல்லாஹ் வழிவிடுவான்."

"விடுவான். ஏறிப்போறதுக்கு வேன் வேணுமே."

ஹாயில் எழுந்து போய்விட்டார். சின்ன மகள் கோபத்தில் தட்டுகளைச் சத்தமாக அடுக்கினாள். "அம்மா, நீயே போய்ப் பேசேன். வாய் இல்லையா உனக்கு?"

"கூடாரத்துல பேச வேண்டியவன் பேசினப்புறம் யாரு பேசினாலும் அது சண்டை. அவன் 'குடிங்க'ன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு." உம் ஷுரூக் கொஞ்சநேரம் காப்பிக்கொட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் வாயை இறுக்கிக் கட்டினாள். "நாளைக்குக் காலையில காப்பி வறுக்க வேணாம். நானே பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். பதினேழு கார்கள். கைஸின் அப்பா அபூ கைஸ், வெயிலில் கருத்த ஒல்லி மனிதர், எல்லாருக்கும் கடைசியில் நடந்துவந்து கடைசி நாற்காலியில் பாதி உட்கார்ந்தார். ஷேக் ஃபலாஹ் நடுவில். ஹாயில் வாசனைத்தைலம் பூசிக்கொண்டு வாசலில் நின்று நாற்பது கன்னங்களிலும் முத்தமிட்டார். நலம் விசாரித்தார்கள். மழையை விசாரித்தார்கள். ஆடுகளை விசாரித்தார்கள். பேச்சு ஓய்ந்தது. ஹாயில் திரையைப் பார்த்துக் கம்பீரமாகக் குரல் கொடுத்தார்.

"காப்பி!"

"வருது," என்றது திரை.

வரவில்லை. மறுபடியும் மழையை விசாரித்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. டொக். நெடிய இடைவெளி. டொக். காப்பி இடிக்கும் உரலின் சத்தம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நல்ல கை இடித்தால் அது நடனத்துக்குத் தாளம் போல ஓடும். இது ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால் இடிக்கும் சத்தம். டொக். கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு டொக்குக்கும் அந்த மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அபூ கைஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹாயில் திரைக்குப் பின்னால் பாய்ந்தார்.

"இப்பத்தான் இடிக்கறியா? ஏன் நீ இடிக்கறே? பொண்ணுங்க எங்கே?"

"எல்லாம் இங்கேதான் நிக்குதுங்க. என் காப்பியை நான்தான் இடிப்பேன்."

"மானம் போகுது நோஃபா!"

"மெதுவாப் பேசு. துணிதான் நடுவுல."

நாற்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். ஷேக் ஃபலாஹ் தொண்டையைச் செருமினார். அவருக்கு உம் ஷுரூக்கை முப்பது வருடமாகக் குரலாகத் தெரியும்.

"தங்கச்சி, உம் ஷுரூக்," என்றார் திரையைப் பார்த்து. "காப்பிக்கு என்ன குறையுது? ஏலக்காயா? ஆள் அனுப்பட்டுமா?"

"அல்லாஹ் உங்களுக்கு ஆயுசு கொடுக்கட்டும், ஷேக். ஏலக்காய் இருக்கு. தண்ணி இருக்கு. விறகு இருக்கு. ஒரு வேன்தான் குறையுது."

முதலில் பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப்பார்த்து மூக்கால் சத்தம் போட்டார். பிறகு எல்லாரும் இருமினார்கள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த ஹாயிலின் முகம் தக்காளி நிறத்தில் இருந்தது. காரியத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அவர் நின்றபடியே கைகளை விரித்தார்.

"ஷேக், காப்பி வரும்போது வரட்டும். நீங்க வந்த காரியம் எங்களுக்குத் தெரியும். அல்லாஹ்வுக்காகவும் இந்த வெள்ளைத் தாடி—"

"நில்லு, ஹாயில்!" ஷேக் பதறிக் கையை உயர்த்தினார். "காப்பி இல்லாம சொல்லிடாதே. கிண்ணமே இல்லாம எதைக் குடிக்கமாட்டேன்னு நான் சொல்றது? நாளைக்கு ஊர் என்ன பேசும்? ஃபலாஹ் வெறுங்கையைப் பாத்துக் கேட்டான், வெறுங்கையில வாங்கினான்னு பேசாதா? உட்காரு."

ஹாயில் உட்கார்ந்தார். முறை என்றால் முறை.

டொக். டொக்.

அப்புறம் மணம் வந்தது. வறுபட்ட கொட்டையும் ஏலக்காயும் சூடான தண்ணீரில் இறங்கிய மணம், திரைக்கு மேலும் கீழுமாகப் புகுந்து ஒவ்வொரு நாற்காலியாக வந்தது. அவர்கள் வந்து முக்கால்மணி நேரம் ஆகியிருந்தது. வந்த வீட்டில் முதலில் கிடைக்க வேண்டியது கிடைக்காத நாற்பது ஆண்கள், பேசவும் பொருளில்லாமல், எச்சிலை விழுங்கினார்கள்.

திரை விலகியது. காப்பி ஊற்ற எப்போதும் ஹாயிலின் மருமகன்தான் வருவான். இன்று உம் ஷுரூக்கே வந்தாள். கறுப்பு உடை, கறுப்பு முக்காடு, இடது கையில் பித்தளைக் கெண்டி. காப்பிக் கெண்டியை இடது கையில்தான் பிடிக்க வேண்டும், கிண்ணத்தை வலது கையால்தான் நீட்ட வேண்டும். அவள் முறை தவறவில்லை. மாவுக்கட்டிலிருந்து எட்டிப்பார்த்த மூன்று விரல்நுனிகளில் கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு, ஆவி பறக்க ஊற்றி, ஷேக் ஃபலாஹின் முன்னால் நீட்டினாள். விரல்கள் நடுங்கின. வலியில்தான், அதில் நடிப்பில்லை.

கிழவர் அந்தக் கட்டைப் பார்த்தார். கிண்ணம் விழுந்துவிடப்போகிறது என்று சட்டென்று இரண்டு கையாலும் வாங்கினார். மணம் முகத்தில் அடித்தது. "உன் கை நல்லாயிருக்கட்டும், தங்கச்சி," என்று சொல்லி ஒரே வாயில் குடித்துவிட்டார்.

கூடாரத்தில் ஒருவரும் அசையவில்லை.

ஷேக் ஃபலாஹ் கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, கண்ணைத் திறந்தார். கிண்ணத்துக்குள் பார்த்தார். அடியில் ஒரு கறுப்புத் துளி மட்டும் இருந்தது.

"குடிச்சுட்டேனா?"

"குடிச்சுட்டீங்க, ஷேக்," என்றார் பக்கத்திலிருந்தவர், மரணச் செய்தி சொல்லும் குரலில்.

வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்னால் காப்பியைக் குடித்துவிட்டால் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. ஜாஹா வெறும் விருந்தாளிக் கூட்டம் ஆகிவிடும். வந்தார்கள், குடித்தார்கள், போனார்கள். எத்தனையோ நூறு கிண்ணங்களைத் தொடாமல் வைத்த மனிதருக்கு இது முதல் தடவை. அபூ கைஸ் தன் மகனைத் தொலைத்தவர் போல எழுந்து நின்றுவிட்டார். ஹாயில் வாயைத் திறந்தார். சொல்லவேண்டிய வாக்கியத்துக்கு இப்போது இடமே இல்லை என்று தெரிந்து மூடிக்கொண்டார்.

சிரிக்கத் தொடங்கியது ஷேக்தான். தோள் குலுங்கி, தாடி குலுங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சூடான காப்பிங்க இது!" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இவ்வளவு நாளா எங்கே வச்சிருந்தே இதை?"

"இதேதான், ஷேக். நீங்கதான் ஆறவிட்டீங்க."

"சரி. நான் கேக்க வந்தது போச்சு. என் வாயாலேயே போச்சு. குடிச்சவன் கேக்க முடியாது." அவர் எட்டி அவள் கையிலிருந்து கெண்டியை வாங்கினார். தன் கிண்ணத்திலேயே ஊற்றி அவளிடம் நீட்டினார். "குடிக்காதவ கேக்கலாம்ல?"

உம் ஷுரூக் கிண்ணத்தைப் பார்த்தாள். முப்பது வருடம் திரைக்குப் பின்னால் கேட்டது வீண்போகவில்லை. குனிந்து அதைத் தன் முன்னால் தரைவிரிப்பில் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"நான் வந்த காரியம் முடியாம உங்க காப்பியைக் குடிக்கமாட்டேன்."

"கேளு, தங்கச்சி."

அவள் பேச்சு ஷேக்கின் பேச்சு போல நீளமில்லை. "கைஸ் மேல எனக்குக் கோபமில்லை. நாளைக்கே போய்க் கையெழுத்துப் போடறேன். காசு எடுத்து நீட்டுங்கன்னும் கேக்கலை. அபூ கைஸ் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனா என் வேன் பட்டறையில படுத்திருக்கு. முதல் கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம். இந்தக் கூடாரத்துல நாற்பது பேர் இருக்கீங்க. எல்லாருக்கும் நான் சோறு போட்டிருக்கேன். யாரு கொழுப்பு விரும்புவாங்க, யாரு டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் தின்பாங்க, எல்லாம் எனக்குத் தெரியும்." கண்ணை ஓட்டினாள். "அபூ ஜர்வான். மூணாவது வரிசை. ஒளியாதீங்க. எப்பவும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடறவர். உங்க தம்பி பழைய வண்டி உதிரிச்சாமான் விக்கிறார் இல்லையா?"

அபூ ஜர்வான் முன்னாலிருந்தவரின் தோளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "விக்கிறான், உம் ஷுரூக்."

"பின்கதவு ஒண்ணு. முன்பக்கத்து மூக்கு ஒண்ணு."

"கதவு இருக்கு. வெள்ளை இல்லை, நீலம்."

"மன்சஃப் எந்தக் கதவு வழியா வந்தா என்ன? மாட்டற கூலி அபூ கைஸோடது, தக்காளி விக்க விக்க. அது ஒண்ணு. வேன் எழுந்திருக்கிறவரை கைஸ் அவனோட பிக்கப்புல என்னையும் என் பானைகளையும் கூட்டிட்டுப் போகணும். அது ரெண்டு."

"தினமும் கூட்டிட்டுப் போவான்!" என்றார் அபூ கைஸ், குரல் உடைந்து. "நானும் வர்றேன். தூக்கறதுக்கு."

"இருங்க. மூணாவது இருக்கு. அந்தப் பிக்கப்புக்கு உரிமமும் காப்பீடும் எடுத்து, காகிதத்தை என் கையில காட்டினதுக்கு அப்புறம்தான் அவன் என் பானையைத் தொடணும். அதுவரைக்கும் தொடக்கூடாது."

ஷேக் ஃபலாஹ் கூட்டத்தைப் பார்த்தார். நாற்பது தலையும் ஆடின. அவர் ஹாயிலைப் பார்த்தார். ஹாயிலின் வாக்கியம் தொண்டையில் எட்டு நாளாகக் காத்திருந்தது. இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரிந்துவிட்டது. எழுந்து, இரண்டு கையையும் விரித்து, தன் சொந்தத் தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"குடி உன் காப்பியை, நோஃபா. கேட்டது கிடைச்சாச்சு. சாமான் வாங்கறதுல பாதி என்னோடது."

நன்றாகத்தான் சொன்னார். ஒத்திகையைவிட நன்றாக இருந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உம் ஷுரூக் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

"ஆறிப்போச்சு. இதையா, ஷேக், முப்பது வருஷமா குடிச்சீங்க?"

"இதைத்தான், தங்கச்சி."

"அப்ப உங்க பேச்செல்லாம் உண்மையிலேயே பெரிய தியாகம்தான்."

மறுநாள் அவள் காவல் நிலையத்துக்குப் போய் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். அது கோழி நடந்ததுபோல் இருந்தது. அதிகாரி அதையும் ஏற்றுக்கொண்டார், ஏனென்றால் அவள் கூடவே ஒரு பெரிய தூக்கில் மன்சஃப் கொண்டுபோயிருந்தாள். கைஸுக்கென்று சொல்லித்தான் கொண்டுபோனாள். நிலையம் முழுவதும் சாப்பிட்டது.

ஆறாம் நாள் கைஸ் புதுக் காகிதத்தோடு வாசலில் நின்றான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தாள், முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கோடை முழுவதும் அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். வளைவுகளில் அவ்வளவு மெதுவாக ஓட்டினான், கழுதைகள் முந்திக்கொண்டு போயின. "டேய், கல்யாணம் இந்த வருஷமாம்" என்பாள். நாத்தனாரைத் தூக்கிப் பழகினான். தயிர்க்குழம்பு கொதிக்கும்போது ஒரே திசையில்தான் கிளற வேண்டும், மாற்றினால் திரிந்துபோகும் என்பதையும் கற்றுக்கொண்டான். அவனுடைய அம்மாவுக்கே வராத பதம் அவனுக்கு வந்துவிட்டது என்று அவன் வீட்டில் சண்டை நடந்தது. பதினொன்றில் ஒன்பது கல்யாணம் பிக்கப்பில் நடந்தன. கடைசி இரண்டுக்கு வேன் எழுந்துவிட்டது, வெள்ளை உடம்பும் நீலக் கதவுமாக. வெள்ளை அடிக்கவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். தூரத்திலிருந்து பார்த்தாலே சோறு வருகிறது என்று ஊர்களுக்குத் தெரியட்டும் என்றாள்.

ஷேக் ஃபலாஹ் அன்றைக்குத் தவறிக் குடித்தாரா, வேண்டுமென்றே குடித்தாரா என்பதில் மட்டும் கடைசிவரை அவர்களுக்குள் தீரவில்லை. "இவ்வளவு வருஷ அனுபவத்துல தவறுமா? உனக்காகத்தான் குடிச்சேன்" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். "அவர் கண்ணை நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அந்த நேரத்துல அவருக்கு அவர் பேரே ஞாபகம் இல்லை" என்பாள் அவள்.

கைஸை எங்கே பார்த்தாலும், சாலையோ சந்தையோ பள்ளிவாசல் வாசலோ, சலாம் சொல்வதற்கு முன்னால் கையை நீட்டுவாள். அவன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டுவான். தேதியைப் பார்த்துவிட்டுத்தான் சலாம். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் இது மாறவில்லை. மேடையில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தபோதுகூடக் கேட்டாள். அவனிடம் இருந்தது.

போன குளிர்காலத்தில் உம் ஷுரூக் போய்ச் சேர்ந்தாள். நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். துக்க வீட்டின் மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. கூடாரத்துக்குள் கசப்புக் காப்பி சுற்றிக்கொண்டிருந்தது. ஷேக் ஃபலாஹைப் பேரன்கள் இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டிவந்தார்கள். அவர் உட்காருவதற்கு முன்பே கிண்ணத்தை வாங்கிச் சூடாகக் குடித்தார். வெளியே, மூத்த மகள் ஷுரூக் நீலக் கதவைத் திறந்து மதியச் சாப்பாட்டுக்கான பானைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். இப்போது வேன் அவளுடையது. கைஸ் வந்து நின்றான். பிறகு, யாரும் கேட்காமலே, சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான்.

ஷுரூக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரித்துத் தேதியைப் பார்த்தாள். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரியா இருக்கு," என்றாள். "நாத்தனாரை அந்தப் பக்கம் பிடி."